பதின்மூன்று எபிசோடில் நின்றுபோன தொடர்களை டிவிடியில் தேடிப் பிடிப்பது எப்படி

2007 ஜனவரியில் நியூ ஜெர்சிக்கு வந்து சேர்ந்தேன். கணவருக்கு எச்1பி என்ற வேலை விசா, எனக்கு மனைவிக்குத் தருகிற எச்4. எச்4இல் வந்தவர்கள் அப்போது வேலைக்குப் போக முடியாது. கார் ஓட்டவும் எனக்குத் தெரியாது. பனியில் நடந்து போகிற தூரத்தில் இருந்தது ஊர் நூலகம் மட்டும்தான். அங்கே ஒரு சுவர் முழுக்க டிவிடி, ஒரு வாரத்துக்கு இலவசம். இருப்பதிலேயே கனமாகத் தெரிந்த ஒரு பெட்டியை எடுத்து வந்தேன். 'ஃப்ரீக்ஸ் அண்ட் கீக்ஸ்', ஆறு டிஸ்க், பதினெட்டு எபிசோட். கணக்கில் கெட்டிக்காரியான ஒரு பெண், அப்பாவின் பழைய ராணுவக் கோட்டை மாட்டிக்கொண்டு கடைசி பெஞ்ச் கூட்டத்தோடு போய்ச் சேருகிற கதை. திருநெல்வேலியில் பத்தாம் வகுப்புவரை முதல் ரேங்க்கை விடாமல் பிடித்துக்கொண்டிருந்த எனக்கு, அந்தப் பெண் எதற்கு மூச்சு முட்டுகிறாள் என்று யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. ஐந்து நாளில் முடித்துவிட்டுத் திருப்பிக் கொடுக்கப் போனபோது, கவுண்டரில் இருந்த பெண்ணிடம் இரண்டாவது சீசன் எங்கே என்று கேட்டேன். "அப்படி ஒன்று கிடையாது. எடுத்ததே இவ்வளவுதான்" என்றார்.

வீட்டுக்கு நடந்து வரும்போது நெஞ்சு கனத்தது. அப்புறம்தான் நிறுத்தப்பட்ட தொடர்களாகத் தேடித் தேடிப் பார்க்க ஆரம்பித்தேன். இப்போது வீட்டு அலமாரியில் எழுபது பெட்டிக்கு மேல் இருக்கிறது. எப்படிப் பார்த்து எடுக்கிறாய் என்று நண்பர்கள் கேட்பதால் கற்றுக்கொண்டதை எழுதிவைக்கிறேன்.

முதலில், இந்தத் தொடர்களுக்கு டிவிடி ஏன் என்று சொல்லிவிடுகிறேன். இவற்றைப் பொறுத்தவரை எடுக்கப்பட்டது ஒன்று, டிவியில் வந்தது வேறு. 'ஃப்ரீக்ஸ் அண்ட் கீக்ஸ்' 1999 செப்டம்பரில் என்பிசி சேனலில் சனிக்கிழமை இரவு தொடங்கியது. சனிக்கிழமை இரவில் பள்ளிப் பிள்ளைகளின் கதையை யார் உட்கார்ந்து பார்ப்பார்கள்? பன்னிரண்டு எபிசோடோடு நிறுத்திவிட்டார்கள். அடுத்த மூன்றை 2000 ஜூலையில் காட்டினார்கள். மீதி மூன்று வேறொரு சேனலில்தான் வந்தது. அந்த மூன்றில் ஒன்று, வரிசைப்படி நான்காவதாக வர வேண்டிய எபிசோட். கதாநாயகி லிண்ட்சேயும் கிம் என்ற முரட்டுப் பெண்ணும் எப்படித் தோழிகள் ஆனார்கள் என்பது முழுக்க அதில்தான் இருக்கிறது. டிவியில் பார்த்தவர்களுக்கு, நேற்றுவரை முறைத்துக்கொண்டிருந்தவர்கள் இன்றைக்குத் திடீரென்று கைகோத்து நடந்திருப்பார்கள். டிவிடியில் அது தன் இடத்தில் இருக்கிறது.

'ஃபயர்ஃப்ளை' கதை இன்னும் மோசம். ஃபாக்ஸ் சேனல் அதை 2002 செப்டம்பரில் ஆரம்பித்தது. யார் யார், எதற்காக அந்த விண்கலத்தில் ஒன்றாகச் சேர்ந்தார்கள் என்று சொல்கிற இரண்டு மணிநேர முதல் எபிசோடை ஒதுக்கிவைத்துவிட்டு, இரண்டாவதிலிருந்து காட்டியது. அந்த முதல் எபிசோட் டிசம்பர் 20 அன்று கடைசியாக வந்தது. எடுத்த பதினான்கில் மூன்று வரவே இல்லை. 2003 டிசம்பரில் நான்கு டிஸ்க் பெட்டியாக, எடுத்தவர்கள் நினைத்த வரிசையில், பதினான்கும் வெளியானது. அது விற்ற விற்பனையைப் பார்த்துத்தான் யுனிவர்சல் நிறுவனம் துணிந்து 2005இல் 'செரினிட்டி' என்ற திரைப்படமாக அந்தக் கதையைத் தொடர்ந்தது. டிவியில் தோற்ற ஒரு கதைக்கு டிவிடி வாங்கியவர்கள் உயிர் கொடுத்தார்கள் என்பதை இப்போது நினைத்தாலும் மனசு நிறைகிறது.

சரி, பெயரே தெரியாத ஒரு தொடரைப் பழைய டிவிடிக் குவியலில் எப்படி அடையாளம் காண்பது? நான் முதலில் பார்ப்பது எண்ணைத்தான். அமெரிக்காவின் பெரிய சேனல்கள் அந்தக் காலத்தில் ஒரு புதுத் தொடருக்குப் பெரும்பாலும் 13 எபிசோடுக்குத்தான் முதலில் ஆர்டர் கொடுக்கும். நன்றாகப் போனால் இன்னும் 9 சேர்த்து 22 ஆக்கும். ஆகவே பெட்டியின் பின்பக்கம் 13 என்றோ அதற்குப் பக்கத்திலோ ஒரு எண் இருந்து, முன்பக்கம் 'தி கம்ப்ளீட் சீரிஸ்' என்று போட்டிருந்தால், அது பாதியில் நிறுத்தப்பட்டதாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. முழுத் தொடரும் மூன்றே டிஸ்கில் அடங்கிவிட்டது என்றால் எனக்கு உடனே கை நீளும். 'ஃபர்ஸ்ட் சீசன்' என்று போட்டிருந்தால் மட்டும் ஃபோனில் ஒரு தடவை தேடிப் பாருங்கள். இரண்டாவது சீசன் வரவே வராத 'ஃபர்ஸ்ட் சீசன்' பெட்டிகளும் இருக்கின்றன.

இன்னொரு அடையாளம், ஒளிபரப்பாகாத எபிசோடுகள் உள்ளே இருப்பதாகப் பெட்டியில் பெருமையாகப் போட்டிருப்பது. விற்பனைக்காகப் போட்டதுதான். நமக்கு அது நல்ல துப்பு. 'வொண்டர்ஃபால்ஸ்' பெட்டியை நான் அப்படித்தான் எடுத்தேன். 2004இல் ஃபாக்ஸ் நான்கே நான்கு எபிசோடைக் காட்டிவிட்டுத் தூக்கிவிட்டது. எடுத்திருந்தது பதின்மூன்று. அடுத்த வருஷம் பிப்ரவரியில் பதின்மூன்றும் டிவிடியில் வந்தன. பதின்மூன்றும் சேர்ந்து ஒரு கதையாக நன்றாகவே முடிகிறது. நாலோடு நின்றிருந்தால் அது யாருக்குத் தெரிந்திருக்கும்?

பெட்டி வெளியான வருஷத்தையும் பாருங்கள். பின்பக்கம் அடியில் பொடி எழுத்தில் இருக்கும். 2002 முதல் 2010 வரை டிவி தொடர்களின் டிவிடி நன்றாக விற்றது. கையில் இருக்கும் பழைய சரக்கையெல்லாம் தூசி தட்டி வெளியிட்டார்கள். 1982இல் ஆறே எபிசோடில் முடிந்த 'போலீஸ் ஸ்க்வாட்' என்ற துப்பறியும் நகைச்சுவைத் தொடர் 2006இல் வந்தது. அதே துப்பறிவாளரை வைத்து 1988இல் எடுத்த 'தி நேக்கட் கன்' படம் பெரிய வெற்றி பெற்றிருந்ததால் அதற்கும் சந்தை இருந்தது. 1994இல் தொடங்கிப் பத்தொன்பது எபிசோடோடு நின்ற 'மை சோ கால்டு லைஃப்' இரண்டு தடவை டிவிடி ஆனது. 2007இல் ஷவுட் ஃபேக்டரி என்ற நிறுவனம் வெளியிட்டதைத் தேடுங்கள். 'ஃப்ரீக்ஸ் அண்ட் கீக்ஸ்' பெட்டியும் அவர்களுடையதுதான். அந்தப் பெயரைப் பெட்டியின் ஓரத்தில் பார்த்தால் நான் பெரும்பாலும் யோசிக்காமல் எடுத்துவிடுவேன்.

நடிகரைப் பிடித்துக்கொண்டு போவதைவிட எழுதியவரைப் பிடித்துக்கொண்டு போவது நல்லது. ஒரு பெட்டி பிடித்துப்போனால் பின்பக்கத்தில் யார் பெயர் இருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். டிம் மினியர் 'ஃபயர்ஃப்ளை'யிலும் இருந்தார், 'வொண்டர்ஃபால்ஸ்'ஸிலும் இருந்தார். 'வொண்டர்ஃபால்ஸ்'ஸை உருவாக்கியவர்களில் ஒருவரான பிரையன் ஃபுல்லர்தான் அப்புறம் 'புஷிங் டெய்ஸீஸ்' எடுத்தார். தொட்டால் செத்தவரை எழுப்பிவிடுகிற ஒரு பலகாரக் கடைக்காரனின் கதை. 2007 நவம்பரில் எழுத்தாளர்கள் வேலைநிறுத்தம் வந்ததால் முதல் சீசன் ஒன்பது எபிசோடில் நின்றுபோனது. மொத்தம் இருபத்திரண்டோடு தொடரே முடிந்தது. இப்படி ஒருவரிடமிருந்து இன்னொருவர் என்று போனாலே வருஷக்கணக்கில் பார்க்க இருக்கிறது.

இனி பாட்டு. இதைக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். டிவியில் ஒரு பாட்டைப் போட வாங்கிய அனுமதி, டிவிடிக்குச் செல்லாது. மறுபடியும் பணம் கொடுக்க வேண்டும். ஓடாத தொடருக்கு யார் கொடுப்பார்கள்? அதனால் பல தொடர்களின் டிவிடியில் பாட்டை எடுத்துவிட்டு, பெயர் தெரியாத வாத்திய இசையைப் போட்டிருப்பார்கள். அதில் என்ன போய்விடும் என்று கேட்பவர்களுக்கு நான் 'ஃப்ரீக்ஸ் அண்ட் கீக்ஸ்' முதல் எபிசோடின் கடைசிக் காட்சியைத்தான் போட்டுக் காட்டுவேன். பள்ளிக்கூட நடன விழா. சாம் என்ற பொடியன் மனசுக்குப் பிடித்த பெண்ணை ஆடக் கூப்பிட வேண்டும். ஸ்டிக்ஸ் என்ற குழுவின் பாட்டு ஒன்று மெதுவாக, பியானோவோடு ஆரம்பிக்கிறது. மெதுவான பாட்டென்றால் தோளில் கை வைத்து அசைந்தாலே போதும், ஆடத் தெரிய வேண்டாம். தைரியத்தையெல்லாம் திரட்டிக்கொண்டு போய்க் கேட்கிறான். அவளும் வருகிறாள். இரண்டு பேரும் நடுவில் போய் நிற்கிற அந்த நொடியில் பாட்டு வேகம் பிடித்துவிடுகிறது. அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே! ஒரு கணம் உறைந்துபோய் நிற்கிறான். அவள் ஆடத் தொடங்கவும் இவனும் ஆடத் தொடங்குகிறான். அந்தப் பாட்டை எடுத்துவிட்டால் அங்கே காட்சியே கிடையாது. அந்தத் தொடரின் பாட்டு உரிமைகளுக்கு அவ்வளவு செலவு ஆகும் என்பதால்தான் டிவிடி 2004 ஏப்ரல்வரை வரவில்லை. ஆயிரக்கணக்கான ரசிகர்கள் கையெழுத்துப் போட்டுக் கேட்டார்கள். பாட்டுகளை வைத்துத்தான் வெளியிட வேண்டும் என்று எடுத்தவர்களும் பிடிவாதமாக இருந்தார்கள். ஆகவே வாங்குவதற்குமுன் பெட்டியின் பொடி எழுத்தைப் படியுங்கள். இந்தப் பதிப்புக்காகச் சில பாட்டுகள் மாற்றப்பட்டுள்ளன என்று ஒரு வரி இருக்கும். இருந்தால், அதே தொடருக்குப் பின்னால் வேறு பதிப்பு வந்திருக்கிறதா என்று தேடிவிட்டு முடிவு செய்யுங்கள்.

பெட்டியைக் கையில் எடுத்துவிட்டீர்கள். கடையிலோ விற்பனை மேசையிலோ நின்றபடியே செய்ய வேண்டியது இது. முதலில் திறந்து டிஸ்கை எண்ணுங்கள். எண்ணினால் மட்டும் போதாது, ஒவ்வொன்றிலும் போட்டிருக்கும் எண்ணையும் படியுங்கள். ஒரு தடவை இணையத்தில் ஒருவரிடம் ஒரு தொடரை வாங்கினேன். மூன்று டிஸ்க் சரியாக வந்தது. மூன்றாவது டிஸ்கைப் போட்டால், ஏற்கெனவே பார்த்த எபிசோட் ஓடுகிறது. எடுத்துப் பார்த்தால் இரண்டு 'டிஸ்க் 2'. திருப்பிக் கொடுக்கும் நாள் தாண்டிப் போயிருந்தது. கடைசி நாலு எபிசோடுக்காக இன்னொரு முழுப் பெட்டியைத் தேடி வாங்க ஏழு மாசம் ஆனது.

அடுத்து, டிஸ்கை விளிம்பில் பிடித்து வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். நடுவிலிருந்து விளிம்புக்கு நேராகப் போகிற கீறலுக்குப் பயப்பட வேண்டாம், பெரும்பாலும் ஓடிவிடும். வட்டமாக, டிஸ்கின் சுற்றோடு சேர்ந்து போகிற கீறல்தான் ஆபத்து. துடைக்கும்போதும் அதனால்தான் மெல்லிய துணியால் நடுவிலிருந்து வெளியே நேராக இழுக்க வேண்டும், சுற்றித் துடைக்கக் கூடாது. நடு ஓட்டையைச் சுற்றி மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள். பெட்டியின் பிடிப்பு இறுக்கமாக இருந்து, பிடித்து இழுத்து எடுத்த டிஸ்கில் இது வரும். விரிசல் விட்ட டிஸ்க் வேண்டவே வேண்டாம். சுழலும்போது விரிந்துகொண்டே போகும். வீட்டில் எடுக்கும்போது நடுப்பிடிப்பை ஒரு விரலால் அழுத்திக்கொண்டே தூக்குங்கள், டிஸ்க் வளையக் கூடாது.

அடிப்பக்கத்தின் நிறமும் முக்கியம். தொழிற்சாலையில் அச்சடித்த டிஸ்க் வெள்ளியாகவோ லேசான பொன்னாகவோ இருக்கும். ஊதாவாக இருந்தால் அது பதிவு செய்த டிஸ்க். அதிலும் இரண்டு வகை உண்டு. கேட்பவருக்குக் கேட்கும்போது பதிவு செய்து கொடுக்கிற முறையை வார்னர் நிறுவனம் 2009இல் ஆரம்பித்தது. அதிகம் விற்காது என்று தெரிந்த பல பழைய சரக்குகள் அப்படித்தான் கிடைக்கும். அது முறையானது, வாங்கலாம். முறையான வெளியீடு என்று சொல்லி விற்கிற பெட்டிக்குள் ஊதா டிஸ்க் இருந்து, மேல் படமும் மங்கலாக இருந்தால் அது திருட்டு நகல். அதில் எபிசோட் வரிசையும் குழம்பியிருக்கும், எடுத்தவர்களும் நடித்தவர்களும் எபிசோட் ஓட ஓடப் பேசுகிற கமெண்டரியும் இருக்காது.

வாங்கி வந்த அன்றே எல்லா டிஸ்கையும் போட்டுச் சோதித்துவிடுங்கள். முழுக்கப் பார்க்க வேண்டாம். பதிவு இரண்டு அடுக்காக இருக்கிற இரட்டை அடுக்கு டிஸ்கில் முதல் அடுக்கு நடுவிலிருந்து விளிம்புக்குப் போகும். அங்கே இரண்டாவது அடுக்குக்கு மாறி, மறுபடி உள்ளே வரும். விரல் படுகிற, அழுக்கு சேர்கிற இடம் விளிம்பு. ஆகவே தகராறு பெரும்பாலும் டிஸ்க் பாதி ஓடுகிற நேரத்தில் வருகிற எபிசோடில்தான் தெரியும். நான்கு எபிசோட் இருந்தால் இரண்டாவதன் முடிவையும் மூன்றாவதன் தொடக்கத்தையும் ஓட்டிப் பாருங்கள். ஒரு நொடி நின்று ஓடினால் அது அடுக்கு மாறுவது, பயமில்லை. கட்டம் கட்டமாகச் சிதறினால் துடைத்துப் பார்த்துவிட்டு, சரிவராவிட்டால் திருப்பிக் கொடுங்கள்.

ரீஜன், அதாவது எந்த நாட்டு பிளேயரில் டிஸ்க் ஓடும் என்று பிரித்துவைத்திருக்கிற விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அமெரிக்கா, கனடா டிவிடி ரீஜன் 1. பிரிட்டன் 2, சிங்கப்பூரும் மலேசியாவும் 3, ஆஸ்திரேலியா 4, இந்தியா 5. புளூ ரேயில் அமெரிக்காவும் சிங்கப்பூரும் ஏ, பிரிட்டனும் ஆஸ்திரேலியாவும் பி, இந்தியா சி. எல்லா ரீஜனும் ஓடுகிற பிளேயர் ஒன்று வாங்கிவிட்டால் இந்தக் கவலை தீர்ந்தது. கம்ப்யூட்டர் டிரைவில் ரீஜனை மாற்றலாம், ஆனால் ஐந்து தடவைக்குமேல் மாற்ற விடாது. எந்த நாட்டிலிருந்து வாங்கினாலும் முடிந்தவரை அமெரிக்கத் தொடரை அமெரிக்கப் பெட்டியில் வாங்குங்கள். நொடிக்கு 24 ஃபிரேமில் எடுத்ததை ஐரோப்பியப் பெட்டிகள் பலவற்றில் 25 ஃபிரேமாக ஓட்டுவார்கள். 44 நிமிஷ எபிசோட் 42 நிமிஷத்தில் முடிந்துவிடும். குரல்களும் ஒரு இழை உயர்ந்து கேட்கும். எனக்கு அது உறுத்துகிறது.

பார்க்கிற முறை பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். பதின்மூன்றுதான் இருக்கிறது, இனி வராது. ஒரே இரவில் முடித்துவிடாதீர்கள். நாங்கள் சாப்பிட்டு முடித்து, பாத்திரம் கழுவிவைத்துவிட்டு, இரவுக்கு ஒன்று. 2011இல் அம்மா ஆறு மாசம் வந்து தங்கியிருந்தபோது அவளோடு 'வொண்டர்ஃபால்ஸ்' பார்த்தேன். நயாகராவில் நினைவுப்பொருள் கடையில் வேலை பார்க்கிற பெண்ணிடம், மூஞ்சி நசுங்கின ஒரு மெழுகுச் சிங்கம் பேசும். இதைச் செய், அதைச் செய் என்று சொல்லும். நான் நிறுத்தி நிறுத்தித் தமிழில் சொன்னேன். இரண்டாவது நாளே அம்மா, "ஏட்டி, சாமிதான் பேசுதுல்லா. இவ ஏன் இப்படி முழிக்கா?" என்றாள். அப்புறம் எனக்கு மொழிபெயர்க்கிற வேலை பாதியாகக் குறைந்தது. அவள் ஊருக்குக் கிளம்புகிற வாரத்தில் கடைசி எபிசோட் வருகிற மாதிரி நாள் கணக்குப் போட்டு வைத்திருந்தோம். அவள் இப்போது இல்லை. அந்தப் பெட்டியை மட்டும் நான் யாருக்கும் இரவல் கொடுப்பதில்லை.

கமெண்டரியை முதல் தடவை போடாதீர்கள். எல்லாம் பார்த்து முடித்து ஒரு மாசம் கழித்துப் போடுங்கள். வேலை போன பிறகு வந்து உட்கார்ந்து பேசியவர்கள் அவர்கள். எந்தக் காட்சிக்கு சேனல்காரர்களோடு சண்டை போட்டார்கள் என்பதெல்லாம் அதில்தான் வரும். 'ஃப்ரீக்ஸ் அண்ட் கீக்ஸ்' பெட்டியில் நடிகர்களின் அப்பா அம்மாக்களைக்கூடக் கூட்டிவந்து பேசவைத்திருக்கிறார்கள்.

எங்கே கிடைக்கும்? புதிதாக விற்கிற கடைகள் குறைந்துகொண்டே வருகின்றன. அமெரிக்காவில் இருப்பவர்கள் நூலகத்தில் முதலில் தேடுங்கள். உங்கள் ஊரில் இல்லாவிட்டால் வேறு நூலகத்திலிருந்து வரவழைத்துத் தரச் சொல்லிக் கேளுங்கள், பெரும்பாலும் காசு வாங்குவதில்லை. வசந்த காலத்தில் வீட்டு வாசலில் பழைய பொருள் விற்பவர்களிடம் கேளுங்கள். வெளியே வைக்காமல் உள்ளே ஒரு அட்டைப்பெட்டி இருக்கும். இணைய விற்பனைத் தளங்களில் தொடரின் பெயரைச் சேமித்துவைத்தால், யாராவது விற்பனைக்குப் போடும்போது தகவல் வரும். விலை ஏறியிருந்தால் காத்திருங்கள். நான் அறுபது டாலர் கேட்ட பெட்டியை ஒன்றரை வருஷம் காத்திருந்து எட்டு டாலருக்கு எடுத்திருக்கிறேன்.

எனக்கு அதிகம் கிடைத்தது நூலகங்கள் வருஷத்துக்கு ஒன்றிரண்டு தடவை நடத்துகிற பழைய புத்தக விற்பனையில்தான். எங்கள் ஊரில் முதல் நாள் டிவிடி ஒன்று ஒரு டாலர், கடைசி நாள் ஒரு பை நிறைய ஐந்து டாலர். நான் முதல் நாளே போய்விடுவேன். திரைப்படங்கள் மேசைமேல் இருக்கும். டிவி பெட்டிகள் இடத்தை அடைப்பதால் மேசைக்கு அடியில், துணி மறைப்புக்குப் பின்னால் தள்ளிவைத்திருப்பார்கள். குனிந்து அங்கே முதலில் பாருங்கள்.